மாநிலமே சந்தா கட்டியிருக்கிறது: அமெரிக்க நூலக டேட்டாபேஸ்களுக்குள் நுழைவது எப்படி?

என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். தேனீக்கள் ஏன் குறைந்துவருகின்றன என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மூன்று ஆதாரங்கள் காட்ட வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு டேட்டாபேஸிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். நாங்கள் அமெரிக்கா வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டேட்டாபேஸ் என்றால் எனக்கு அலுவலகத்தில் நான் அன்றாடம் வேலை பார்க்கும் சமாச்சாரம்தான் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை என்று புரியாமல் கூகுளில் தேடினேன். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தது. முதல் பத்தியைக் காட்டிவிட்டு, மீதியைப் படிக்க முப்பது டாலருக்கு மேல் கேட்டது. பிள்ளையின் படிப்பு விஷயமாயிற்றே என்று கிரெடிட் கார்டை எடுத்துப் பணம் கட்டிவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை ஊர் நூலகத்துக்குப் போனோம். உதவி மேசையில் இருந்த அம்மா என் மகளின் தாளைப் பார்த்துவிட்டு, தன் திரையில் நாலைந்து முறை தட்டி, நான் காசு கொடுத்து வாங்கிய அதே கட்டுரையை முழுசாகத் திறந்து காட்டினார். “இது உங்களுக்கு இலவசம். நீங்கள் கட்டும் வரியில் மாநிலம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறது” என்றார்.

அன்றிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இதைச் சொல்லி வருகிறேன். வாயால் சொன்னதை எழுத்திலும் வைத்தால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படும் என்றுதான் இந்தக் கட்டுரை.

என்னதான் வாங்கி வைத்திருக்கிறார்கள்?

கூகுளில் கிடைப்பது திறந்த இணையம். ஆய்விதழ்கள், பழைய நாளிதழ்கள், கலைக்களஞ்சியங்கள், மருத்துவக் கையேடுகள், தேர்வுப் பயிற்சிகள் போன்றவற்றில் பெரும்பகுதி சந்தா கட்டினால்தான் திறக்கும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இவற்றைத் தொகுத்து நூலகங்களுக்கு விற்கும் பெரிய நிறுவனங்களில் எப்ஸ்கோ, கேல், ப்ரோக்வெஸ்ட் ஆகிய மூன்று பெயர்களை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். தொகுப்பு ஒவ்வொன்றையும்தான் இங்கே டேட்டாபேஸ் என்கிறார்கள். ஒன்றுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான இதழ்கள் இருக்கலாம்.

ஐயாயிரம் பேர் வசிக்கும் சிற்றூர் நூலகத்தால் இதையெல்லாம் தனியாக வாங்க முடியாது. அதனால் மாநில நூலகமோ, நூலகங்களின் கூட்டமைப்போ மாநிலம் முழுவதற்குமாக ஒரே ஒப்பந்தம் போடுகிறது. ஜார்ஜியா மாநிலம் 1995இல் கலிலியோ என்ற பெயரில் இதைத் தொடங்கியது. முதலில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்காக வந்தது, பிறகு பொது நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விரிந்தது. விஸ்கான்சினின் பேட்ஜர்லிங்க், வட கரோலைனாவின் என்சி லைவ், இண்டியானாவின் இன்ஸ்பயர் மூன்றும் 1998இல் வந்தவை. மாநகரத்தில் இருக்கும் மாணவனுக்குக் கிடைக்கும் அதே கட்டுரை, சோளக்காட்டுக்கு நடுவே வீடு இருக்கும் மாணவிக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் இவற்றின் அடிப்படை. நான் இந்த நாட்டில் கண்ட நல்ல ஏற்பாடுகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

பணம் எங்கிருந்து வருகிறது? மாநில பட்ஜெட்டிலிருந்து ஒரு பங்கு. 1996இல் இயற்றப்பட்ட நூலகச் சேவை, தொழில்நுட்பச் சட்டத்தின்படி, மக்கள்தொகையைக் கணக்கிட்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் வரும் ஃபெடரல் மானியத்திலிருந்து இன்னொரு பங்கு. அந்த மானியத்தைப் பிரித்துத் தருவது ஐஎம்எல்எஸ் எனப்படும் அருங்காட்சியக, நூலகச் சேவைகளுக்கான ஃபெடரல் அமைப்பு. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

முதல் படி: உங்கள் மாநிலத்தில் இதற்கு என்ன பெயர்?

மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும் என்பதுதான் புதிதாக வருபவர்களைக் குழப்பும் விஷயம். மிச்சிகனில் மெல், நியூயார்க்கில் நாவல் என்ஒய், நியூஜெர்சியில் ஜெர்சிகிளிக்ஸ், பென்சில்வேனியாவில் பவர் லைப்ரரி, வர்ஜீனியாவில் ஃபைண்ட் இட் வர்ஜீனியா, டெக்சஸில் டெக்ஸ்ஷேர். டெக்சஸ் பள்ளிகளுக்கு டெக்ஸ்க்வெஸ்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒஹையோவில் பொது நூலகங்களுக்கு ஆப்ளின், பள்ளிகளுக்கு இன்ஃபோஹையோ, கல்லூரிகளுக்கு ஒஹையோலிங்க் என்று மூன்று அமைப்புகள் கைகோத்து வேலை செய்கின்றன. கலிஃபோர்னியாவில் 2018 முதல் மாநில நூலகத்தின் செலவில் பள்ளிகளுக்கு பிரிட்டானிக்கா, ப்ரோக்வெஸ்ட் போன்றவை கிடைக்கின்றன. பெரியவர்களுக்கு அங்கே ஊர் நூலகம்தான் முக்கிய வாசல்.

உங்கள் மாநிலம் இந்தப் பட்டியலில் இல்லையென்றால் மாநிலத்தின் பெயரோடு “ஸ்டேட் லைப்ரரி டேட்டாபேஸஸ்” என்று சேர்த்துத் தேடுங்கள். இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. உங்கள் ஊர் நூலகத்தின் இணையதளத்துக்குப் போய், மேலே இருக்கும் பட்டியலில் “ரிசர்ச்” அல்லது “ஆன்லைன் ரிசோர்சஸ்” என்பதை அழுத்துங்கள். மாநிலம் வாங்கியதும் ஊர் வாங்கியதும் அகர வரிசையில் ஒரே பக்கத்தில் இருக்கும்.

இந்த இடத்தில் நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள். டேட்டாபேஸின் பெயர் தெரிந்ததும் அதைக் கூகுளில் தேடி, நிறுவனத்தின் முகப்புப் பக்கத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள். அது பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். நம்மிடம் இருக்காது. “இது நமக்கு இல்லை போல” என்று திரும்பிவிடுகிறார்கள். எப்போதும் நூலகத்தின் பக்கத்தில் இருக்கும் லிங்க் வழியாகத்தான் போக வேண்டும். அந்த லிங்க்தான் “இவர் எங்கள் ஆள்” என்று உள்ளே சொல்லி அனுப்புகிறது.

இரண்டாம் படி: லைப்ரரி கார்டு

சில மாநிலங்களில் கார்டு இல்லாமலே பாதி வேலை நடந்துவிடும். ஆனாலும் முதல் வாரத்திலேயே கார்டு வாங்கிவிடுங்கள். புகைப்படம் உள்ள ஓர் அடையாள அட்டை, முகவரியைக் காட்டும் ஒரு தாள், இவ்வளவுதான் பொதுவாகக் கேட்பார்கள். பாஸ்போர்ட் போதும். முகவரிக்கு வீட்டு லீஸ், மின்சாரக் கட்டண பில், வங்கியிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டுபோங்கள். எல்லாமே கணவர் பெயரில் இருக்கிறது, என் பெயரில் ஒரு தாளும் இல்லை என்று தயங்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லீஸில் குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் உங்கள் பெயர் இருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் வீட்டு முகவரிக்கு வந்த தபால் உறை போதுமா என்று கேளுங்கள். பல நூலகங்கள் ஏற்றுக்கொள்கின்றன.

விசா என்ன வகை என்று கேட்பார்களோ என்ற பயம் வேண்டாம். நூலகத்துக்குத் தேவை நீங்கள் அந்த ஊரில் வசிக்கிறீர்கள் என்ற விவரம்தான். வேலை விசாவில் வந்தவருக்கும், அவரைச் சார்ந்து வந்தவருக்கும், மாணவருக்கும் ஒரே கார்டுதான். ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் பெற்றோருக்கு மட்டும் ஊருக்கு ஊர் விதி மாறும். கார்டு கிடைக்காத இடத்திலும் அவர்கள் நூலகத்துக்குள் வந்து, அங்கிருக்கும் கணினியில் உட்கார்ந்து டேட்டாபேஸைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஊர் நூலகக் கார்டோடு மாநிலத்தின் பெரிய நூலகம் ஒன்றின் கார்டையும் நியாயமாகவே வைத்துக்கொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தில் எங்கே வசித்தாலும், வேலை பார்த்தாலும், படித்தாலும் நியூயார்க் பப்ளிக் லைப்ரரி கார்டு கிடைக்கும். மாசசூசெட்ஸ்வாசிகளுக்கு பாஸ்டன் பப்ளிக் லைப்ரரியின் இணையக் கார்டு உண்டு. டெக்சஸில் வசிப்பவர் யாரும் ஹூஸ்டன் நூலகத்தில் கார்டு வாங்கலாம். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ், சான்ஃபிரான்சிஸ்கோ நூலகங்கள் கார்டு தருகின்றன. மாநிலம் வாங்காத சில விலையுயர்ந்த டேட்டாபேஸ்களை இந்தப் பெரிய நூலகங்கள் சொந்தச் செலவில் வாங்கி வைத்திருக்கும்.

கார்டு கைக்கு வந்ததும் இரண்டு வேலை. பின்புறம் உள்ள பார்கோடு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்டுகளில் 14 இலக்கம் இருக்கும், இடையில் இடைவெளி விட்டு அச்சிட்டிருந்தாலும் தட்டும்போது சேர்த்தே தட்டுங்கள். அடுத்தது பின் எண். பல நூலகங்களில் உங்கள் ஃபோன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தொடக்கப் பின்னாக வைத்திருப்பார்கள். அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கார்டு ஒரு வருடத்திலோ இரண்டு, மூன்று வருடத்திலோ காலாவதியாகும். திடீரென்று ஒருநாள் எல்லா டேட்டாபேஸும் உள்ளே விட மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

மூன்றாம் படி: வாசலில் நிற்கும் காவல்

உள்ளே விடுவதற்கு முன்னால் நீங்கள் இந்த மாநிலத்தவர்தானா என்று சரிபார்ப்பார்கள். அதற்கு மூன்று நான்கு வழிகள் உண்டு. உங்கள் இணைய இணைப்பின் எண்ணை வைத்து நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று தானாகவே கண்டுபிடிப்பது ஒன்று. கார்டின் பார்கோடும் பின்னும் கேட்பது இன்னொன்று. நியூயார்க், மிச்சிகன் போன்ற இடங்களில் மாநில டிரைவர் லைசென்ஸ் எண்ணும் சாவியாகப் பயன்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி லாகின் வழியாகவே திறக்கும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மடிக்கணினியில் அலுவலக விபிஎன், அதாவது கம்பெனி வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பு வழி, ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் டெட்ராய்ட் புறநகரில் உட்கார்ந்திருப்பீர்கள், உங்கள் இணைப்போ கம்பெனி சர்வர் இருக்கும் வேறு மாநிலத்திலிருந்து வருவதுபோல் தெரியும். “நீங்கள் மாநிலத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்” என்று திரையில் வந்தால் முதலில் விபிஎன்னைத் துண்டியுங்கள். அலுவலக மடிக்கணினியில் துண்டிக்க முடியாதென்றால் வீட்டுக் கணினியில் திறந்து பாருங்கள். ஃபோனில் மொபைல் டேட்டாவில் இருந்தாலும் இதே சிக்கல் வரலாம், அப்போது வீட்டு வைஃபைக்கு மாறுங்கள். அப்படியும் நடக்கவில்லையென்றால் அதே பக்கத்தில் “லைப்ரரி கார்டு வைத்து உள்ளே வர” என்கிற மாதிரி சிறிய எழுத்தில் ஒரு லிங்க் இருக்கும். அதை அழுத்தி பார்கோடைக் கொடுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கும்போதும் பல டேட்டாபேஸ்கள் இந்த வழியில் திறக்கும்.

நான்காம் படி: எந்தத் தேவைக்கு எந்த டேட்டாபேஸ்?

பட்டியலில் ஐம்பது, அறுபது பெயர்கள் இருக்கும். பார்த்ததும் தலைசுற்றும். எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, வீட்டில் இப்போது என்ன தேவையோ அதில் தொடங்குங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு பிரிட்டானிக்கா ஸ்கூல், வேர்ல்ட் புக், கேல் இன் காண்டெக்ஸ்ட், எப்ஸ்கோவின் எக்ஸ்ப்ளோரா ஆகியவற்றில் ஒன்றாவது உங்கள் மாநிலத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் எனக்குப் பிடித்தது, ஒரே விஷயத்தைப் படிப்பு நிலைக்கு ஏற்ப எளிதாகவும் கடினமாகவும் மாற்றிக்கொள்ள முடிவது. கட்டுரையின் பக்கத்தில் லெக்சைல் என்று ஓர் எண் போட்டிருக்கும், அது வாசிப்புக் கடினத்தைச் சொல்லும் அளவு. பள்ளியிலிருந்து வரும் மதிப்பெண் தாளிலும் அநேகமாக அந்த எண் இருக்கும். பல டேட்டாபேஸ்களில் கட்டுரையை வாய்விட்டுப் படித்துக்காட்டும் பொத்தானும் உண்டு. ஆங்கிலம் இன்னும் நாவில் உட்காராத பிள்ளைக்கு, எழுத்தைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்பதைப் போன்ற உதவி வேறில்லை. என் மகள் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் படித்தாள்.

தேர்வு எழுதுபவர்கள் லேர்னிங் எக்ஸ்பிரஸ் என்ற பெயரைத் தேடுங்கள். பல மாநிலங்கள் இதை வாங்கியிருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, ஏசிடி தொடங்கி, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு இணையான ஜிஇடி வரை மாதிரித் தேர்வுகளும், குடியுரிமை நேர்காணலுக்கான பயிற்சியும், செவிலியர் உரிமத் தேர்வுக்கான பயிற்சியும் அதில் உண்டு. எஸ்ஏடி பயிற்சி மையங்களுக்கு நூற்றுக்கணக்கில் பணம் கட்டும் முன் இதில் இரண்டு மாதிரித் தேர்வை எழுதவைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு எந்தப் பகுதி பலவீனம் என்று தெரிந்த பிறகு மையம் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

வேலை அனுமதிக்காகக் காத்திருப்பவர்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். படித்துப் பட்டம் வாங்கி, ஊரில் வேலை பார்த்து, இங்கே வந்து வருடக்கணக்கில் வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். லிங்க்டின் லேர்னிங், உடெமி, கேல் கோர்சஸ் போன்றவற்றை உங்கள் நூலகம் வாங்கியிருந்தால் அதன் கார்டை வைத்து இலவசமாகப் படிக்கலாம். கேல் கோர்சஸில் ஆறு வார வகுப்பு, ஆசிரியர், முடித்ததற்குச் சான்றிதழ் எல்லாம் உண்டு. அனுமதி வரும் நாளில் கையில் புதிதாக ஒரு திறமை இருக்கும். வேலை தேடும்போது டேட்டா ஆக்ஸில் ரெஃபரன்ஸ் சொல்யூஷன்ஸ் கைகொடுக்கும். உங்கள் வீட்டிலிருந்து இருபது மைலுக்குள் என்னென்ன நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் எத்தனை ஊழியர்கள் என்று வடிகட்டித் தரும்.

உடல்நலத்துக்கு கேல், எப்ஸ்கோ இரண்டிலும் பொதுமக்களுக்கான தனித் தொகுப்புகள் உள்ளன. மருத்துவர் வாயிலிருந்து வந்த சொல்லை அங்கே தட்டிப் பார்த்து, என்ன நோய், என்ன சோதனை, என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த சந்திப்புக்குப் போங்கள். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. ஆனால் பதினைந்து நிமிடச் சந்திப்பில் சரியான கேள்வியைக் கேட்பது நம் வேலை.

வாடகை ஒப்பந்தம், பவர் ஆஃப் அட்டர்னி போன்ற படிவங்களுக்கு மாநில வாரியாக கேல் லீகல் ஃபார்ம்ஸ், பழைய கார் வாங்கியவருக்கு பழுதுபார்ப்புக் கையேடான சில்டன், பொருள் வாங்கும் முன் பார்க்க கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், அடுத்து என்ன கதை படிக்கலாம் என்று தேட நாவலிஸ்ட். குடும்ப வரலாற்றுக்கான ஆன்செஸ்ட்ரி பெரும்பாலும் நூலகக் கட்டடத்துக்குள் மட்டுமே திறக்கும்.

ஐந்தாம் படி: தேடும் விதம்

கூகுளிடம் பேசுவதுபோல் இங்கே பேசினால் வேலைக்காகாது. “தேனீக்கள் ஏன் சாகின்றன” என்று முழு வாக்கியமாகத் தட்டியபோது என் மகளுக்கு ஒன்றுக்கும் உதவாத முடிவுகள்தான் வந்தன. நூலக அம்மா அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் கேள்வியிலிருந்து இரண்டு கருத்தை மட்டும் பிரித்தெடுத்தார். ஒன்று தேனீ, இன்னொன்று குறைவு. தேனீக்கான ஆங்கிலச் சொல் இரண்டு வார்த்தை என்பதால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டார். மேற்கோள் போட்டால் அந்த வார்த்தைகள் சேர்ந்தே வரும் கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். குறைவு, இழப்பு, இறப்பு ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களை “ஆர்” என்ற சொல்லால் இணைத்து அடைப்புக்குறிக்குள் வைத்தார். இரண்டு பகுதிக்கும் நடுவே “ஆண்ட்”. இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் தட்டுவது நல்ல பழக்கம். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்தன.

பிறகு இடப்பக்கம் இருந்த வடிகட்டிகளுக்குப் போனார். “ஃபுல் டெக்ஸ்ட்” என்பதில் டிக் அடித்ததும் சுருக்கம் மட்டும் உள்ளவை மறைந்தன. ஆண்டை அண்மைக்கு நகர்த்தினார். கல்லூரி மாணவராக இருந்தால் “பியர் ரிவ்யூட்” என்பதையும் அடிக்கச் சொல்லியிருப்பேன், ஆறாம் வகுப்புக்கு அது பாரம் என்றார். சக ஆய்வாளர்கள் சரிபார்த்த பின் வெளியான கட்டுரை என்று அதற்குப் பொருள்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. கிடைத்தவற்றில் ஒரு நல்ல கட்டுரையைத் திறந்து, தலைப்புக்குக் கீழே இருந்த “சப்ஜெக்ட்” வரியைக் காட்டினார். அங்கே “காலனி கொலாப்ஸ் டிசார்டர்” என்று இருந்தது. 2006 குளிர்காலத்தில் அமெரிக்கத் தேனீ வளர்ப்பவர்கள், கூட்டில் ராணியும் குஞ்சுகளும் தேனும் இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் காணாமல் போவதைக் கண்டபோது இந்த நிலைக்கு வைக்கப்பட்ட பெயர் அது. எங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. தெரியாத சொல்லை எப்படித் தேடுவது? அந்த வரியை அழுத்தியதும், அதே விஷயத்தைப் பற்றியவை என்று அந்தத் தலைப்பின் கீழ் வகைப்படுத்தி வைத்த கட்டுரைகள் மட்டும் வரிசையாக வந்தன. கூகுளில் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த சொல்லை வைத்துத்தான் தேடுவோம். இங்கே ஒரு நல்ல கட்டுரையைப் பிடித்துவிட்டால் அதன் தலைப்புச் சொல்லே மற்றவற்றுக்கு வழிகாட்டிவிடும். இந்த ஒரு வித்தையை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால்கூடப் போதும்.

சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வேரில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும் என்பது இன்னொரு சிறு உதவி.

சாட்பாட்டிடம் கேட்டு ஆதாரப் பட்டியல் வாங்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். இல்லாத கட்டுரைக்கு நம்பும்படியான தலைப்பும் ஆசிரியர் பெயரும் போட்டுத் தருவது அவற்றின் அறியப்பட்ட குறை. அப்படி வந்த ஒவ்வொரு தலைப்பையும் டேட்டாபேஸில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரை கிடைத்தால் திறந்து படிக்கட்டும். கிடைக்காவிட்டால் தாளிலிருந்து எடுத்துவிடட்டும்.

ஆறாம் படி: கிடைத்ததைப் பத்திரப்படுத்துவது

கட்டுரை திறந்திருக்கும்போது பிரவுசரின் மேலே உள்ள முகவரியை நகலெடுத்து வைக்காதீர்கள். நாளைக்கு அது திறக்காது, ஏனென்றால் அது அந்த ஒரு தடவை உள்ளே வந்ததற்கு மட்டும் செல்லும் முகவரி. கட்டுரைப் பக்கத்திலேயே “பெர்மாலிங்க்” அல்லது “கெட் லிங்க்” என்று ஒரு பொத்தான் இருக்கும், அது தரும் முகவரிதான் நிலைக்கும். இதைத் தெரியாமல் என் மகள் ஞாயிறு இரவு எல்லாவற்றையும் மறுபடி தேடினாள்.

“சைட்” என்ற பொத்தானை அழுத்தினால் ஆதாரங்களைக் குறிப்பிடும் எம்எல்ஏ, ஏபிஏ என்ற முறைகளில் மேற்கோள் வரியைத் தானே எழுதித் தரும். அதை ஒட்டிய பிறகு ஒருமுறை கண்ணால் பாருங்கள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வருவது, ஆசிரியர் பெயர் இடம் மாறுவது போன்ற பிழைகள் இருக்கும். கட்டுரையை மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிக்கொள்வதுதான் சிறுவர்களுக்குச் சுலபம்.

முழுக் கட்டுரை இல்லையென்றால்?

சில இதழ்கள் புதிய கட்டுரைகளை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் முழுசாக விடும். சிலவற்றில் சுருக்கம் மட்டுமே இருக்கும். அப்போதும் பணம் கட்டாதீர்கள். நூலகத்தில் “இன்டர்லைப்ரரி லோன்” கேளுங்கள். வேறு நூலகத்தில் இருந்து பிரதி எடுத்து அனுப்பச் சொல்லி உங்களுக்கு வாங்கித் தருவார்கள், பெரும்பாலும் கட்டணமில்லாமலே. சில நாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமாக, நூலகரிடம் கேளுங்கள். நேரில், ஃபோனில், சாட்டில் என்று மூன்று வழியும் இருக்கும். நம்மில் பலருக்குக் கூச்சம். நம் ஆங்கிலம் புரியுமோ, கேள்வி அபத்தமாக இருக்குமோ என்று தயங்கி மூன்று மணி நேரம் தனியாகத் தேடுவோம். கேள்விக்குப் பதில் தேடித் தருவதற்கென்றே படித்துப் பட்டம் பெற்று அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். “என் பிள்ளைக்கு இந்த வீட்டுப்பாடம், இந்த வகுப்பு, புதன்கிழமைக்குள் வேண்டும்” என்று சொன்னாலே போதும்.

நீங்கள் என்ன தேடினீர்கள், என்ன படித்தீர்கள் என்பதை நூலகம் வெளியே சொல்லக்கூடாது. 48 மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. டேட்டாபேஸ் நிறுவனத்திடம் நீங்களாகத் தனிக் கணக்கு தொடங்கினால் மட்டும் அது அவர்களுடைய விதிகளுக்குள் போகும். அதனால் தேவையில்லாமல் தொடங்க வேண்டாம்.

நம் பக்கத்திலும் சில கடமைகள் உண்டு. ஊரில் பிஎச்டி செய்யும் தம்பிக்கு பார்கோடையும் பின்னையும் வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரே இரவில் தரவிறக்கம் செய்யாதீர்கள். ஒப்பந்தம் மீறப்பட்டதாகக் கருதி நிறுவனம் தடுத்தால், அந்தத் தடை உங்களோடு நிற்காமல் நூலகம் முழுவதையும் பாதிக்கலாம். ஆய்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்கும் தம்பியிடம் அவருடைய பல்கலைக்கழக நூலகரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாடு நிலைக்க நாம் செய்யக்கூடியது

ஐஎம்எல்எஸ் பெயரை மறுபடி எடுக்கிறேன். 2025 மார்ச் மாதம் அந்த அமைப்பைச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்குச் சுருக்கச் சொல்லி அதிபரின் ஆணை வந்தது. அதே மாதமே மிசிசிப்பி மாநில நூலக ஆணையம், நூலகங்கள் வழியே மின்னூலும் ஒலிநூலும் தந்துவந்த ஹூப்லா சேவையை நிறுத்திவைத்தது. வழக்குகள் நீதிமன்றம் போயின. நேற்றுவரை இருந்த லிங்க் இன்று இல்லாமல் போவது நடக்கக்கூடியதுதான் என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில் ஒவ்வொரு டேட்டாபேஸும் எத்தனை முறை திறக்கப்பட்டது, எத்தனை கட்டுரை படிக்கப்பட்டது என்ற கணக்கைப் பார்க்கிறார்கள். யாரும் தொடாதது முதலில் போகும். ஆகவே நீங்கள் தேடும் ஒவ்வொரு தேடலும் அந்தக் கணக்கில் சேர்கிறது. டேட்டாபேஸ் பக்கத்தில் அவ்வப்போது மாநில நூலகம் ஒரு சிறு கருத்துக்கணிப்பு வைக்கும். எந்த டேட்டாபேஸ், எதற்காகப் பயன்பட்டது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஊர் நூலகக் குழுவின் கூட்டங்கள் பொதுமக்கள் வந்து உட்காரக்கூடியவை, பேசவும் சில நிமிடம் தருவார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் அங்கே பேசலாம், அந்த ஊரில் வசித்தால் போதும். சென்ற முறை நான் போனபோது என் மகள் கூடவே வந்தாள். தேனீக் கட்டுரையின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இரண்டு நிமிடம் சொன்னாள். குழுத் தலைவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.